ஏர் லாக்கர் பூட்டவில்லையா? கம்ப்ரசரை மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

ஜிப்ஸி, பழைய தார், ஜீப் என்று வண்டிக்கு ஏர் லாக்கர் (கம்ப்ரசர் தரும் காற்றழுத்தத்தால் ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் கருவி) மாட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆஃப்ரோடு வண்டிகளுக்கென்றே பெயரெடுத்த கோவை ஒர்க்‌ஷாப் ஒன்று எங்களிடம் செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரைக் கெட்டுவிட்டது என்று சொல்லிக் கழற்றி வைத்துக்கொண்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

எங்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்துப் பாதை முழுக்கச் சேறாகிவிடும். பழம் பறிப்பும் அந்தச் சமயத்தில்தான் தொடங்கும். மூட்டையோடு ஏறும்போது ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் போதும், அது வெறுமனே சுற்றும். தரையில் பிடிப்புள்ள சக்கரம் அசையாது. அதற்காகத்தான் ஜிப்ஸியின் பின் அச்சில் லாக்கர் போட்டோம். போட்டுக் கொடுத்ததும் இதே ஒர்க்‌ஷாப்தான்.

போன பருவத்தில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், லாக்கர் பூட்டாது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். லாக்கர் சுவிட்சை அணைத்தால் சிறிது நேரத்தில் காற்று நிறைந்து கம்ப்ரசர் தானாக நின்றுவிடும். இதை ஒர்க்‌ஷாப்பில் ஒன்றுக்கு இரண்டு முறை விளக்கிச் சொன்னேன். "கம்ப்ரசர் வீக் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். பில் 30,000 ரூபாய்க்கு மேல். பழையதைக் கேட்டதற்கு "ஸ்கிராப்புல போட்டுட்டோம்" என்று பதில்.

நான் சொன்ன அந்த அறிகுறியிலேயே கம்ப்ரசர் நல்லது என்பது தெரிந்துவிடுகிறது. கம்ப்ரசர் காற்றை அழுத்தி, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு வரை நிறுத்தி வைக்கும். லாக்கர் சுவிட்சைப் போட்டதும் வால்வு திறந்து, பென்சிலைவிட மெல்லிய நைலான் டியூப் வழியாகக் காற்று பின் அச்சுக்குப் போகும். அங்கே அச்சின் உறைக்குள் (ஹவுசிங்) உள்ள செப்புக் குழாய் வழியாகப் போய், சீல் ஹவுசிங்கின் இரண்டு ஓ-ரிங்குகளுக்கு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) நடுவே நுழைந்து அந்தக் காற்று பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பல்சக்கரத்தைப் பூட்டும். லாக்கர் அணைந்திருக்கும்போதும் கம்ப்ரசர் அடிக்கடி ஓடினால் கசிவு வால்வுக்கு முன்னால் இருக்கிறது. அணைந்திருக்கும்போது சுமார் 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் பிடித்து நின்றுவிட்டு, சுவிட்சைப் போட்டால் மட்டும் நிற்காமல் ஓடினால் கசிவு வால்வுக்குப் பின்னால், அதாவது டியூபிலோ அச்சுக்குள்ளோதான். இந்த வேலையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

புதுக் கம்ப்ரசர் போட்டும் அதே கதை. அடுத்து "உள்ள சீல் போயிடுச்சு, கிரவுன் இறக்கணும்" என்றார்கள். கிரவுன் என்பது பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதி; லாக்கர் இருப்பது அதில்தான். சீல் கிட், கியர் ஆயில், லேபர் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினார்கள். ஜிஎஸ்டி பில் தரவில்லை. வண்டி திரும்பி வந்த வாரமே மூட்டையோடு பாதி ஏற்றத்தில் நின்று, பின்னால் சறுக்கத் தொடங்கியது. பின்னால் ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கோபத்துக்குப் பணத்தைவிட அதுதான் பெரிய காரணம். அழுத்தம் போதாமல் பாதி பூட்டிய நிலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்ளே பற்களும் தேயும். அதன் பிறகும் அவர்கள் சொன்னது, "லாக்கரே போச்சு, வெளிநாட்டுல இருந்து புதுசு வரவழைக்கணும்."

வத்தலக்குண்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். ஏர் லாக்கர் வேலை அவருக்குப் பழக்கமில்லை. "காத்து தானே தம்பி, எங்க போகுதுன்னு பாப்போம்" என்று சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து டியூப் நெடுகத் தடவிக்கொண்டே போனார். சைலன்சர் குழாயை ஒட்டி ஓடிய இடத்தில் நுரை பொங்கியது. டியூப் சூட்டில் உருகி ஓட்டையாகியிருந்தது. அந்த ஓட்டையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. லாக்கர் மாட்டிய நாளிலிருந்து அந்த வண்டியை வேறு யாரும் தொட்டதில்லை. கசிவு அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. டேப்பைச் சுற்றி மறைத்துவிட்டுக் கம்ப்ரசர் விற்றிருக்கிறார்கள்.

கிரவுன் இறக்கியதாகச் சொன்னதும் பொய். ஜிப்ஸியில் கிரவுனை வெளியே எடுக்கப் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் இரண்டையும் உருவ வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். அந்த போல்ட்டுகளின் மேல் பழைய சேறும் துருவும் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வடித்துப் பார்த்த ஆயில் கன்னங்கரேல் என்று இருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வத்தலக்குண்டு மெக்கானிக் டியூபைப் புதிதாக மாற்றி, சைலன்சரைவிட்டுத் தள்ளி, பிரேக் ஹோஸ் போகும் வழியாகக் கொண்டுபோனார். அச்சு ஏறி இறங்கும்போது இழுபடாமலிருக்கக் கொஞ்சம் தளர்வு விட்டார். டியூபைக் கட்டிங் பிளேயரால் நறுக்கவில்லை. நசுங்கினால் ஃபிட்டிங்கில் காற்று கசியும் என்று புது பிளேடால் நேராக வெட்டினார். செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

வேலை முடிந்ததும் நீங்களே சோதிக்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டியை டூ-வீலில் (பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை போகும் நிலை) வைத்து, என்ஜினை அணைத்துவிட்டு கியரில் போடுங்கள். லாக்கர் இல்லாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். லாக்கர் பூட்டினால் இரண்டுமே சுற்றாது. வால்விலிருந்து ஆயில் துப்பினால் அச்சுக்குள்ளே சந்தேகப்படுங்கள். அப்போதுகூட பிரீதர் (அச்சுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி) அடைத்திருக்கிறதா, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே கிரவுனைத் தொடவிடுங்கள். டியூபை ஹவுசிங் பக்கம் கழற்றி அடைத்துப் பார்த்தால் அழுத்தம் நிற்கிறதா? நின்றால் கசிவு உள்ளே, நிற்காவிட்டால் டியூபில். இதை உங்கள் கண்முன் செய்து காட்டாதவரிடம் வண்டியை விடாதீர்கள். கழற்றிய பழைய பொருள் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் போன பிறகு, "புகாரை வாபஸ் வாங்குங்க, பழைய கம்ப்ரசரைத் தேடித் தர்றோம்" என்று போன் வந்தது. ஸ்கிராப்பில் போட்டதாகச் சொன்ன அதே கம்ப்ரசர்! வாபஸ் வாங்கப் போவதில்லை. அதன் வரிசை எண் என் வாரண்டி அட்டையில் இருக்கிறது. கோவையில் சமீபத்தில் பழைய ஏர் லாக்கர் கம்ப்ரசர் வாங்கியவர்கள் எண்ணைச் சரிபார்க்க எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வாங்கியவர் மேல் எந்தப் பழியும் இல்லை. யார் விற்றார் என்று தெரிந்தால் போதும்.