இரவு நேரக் கேட்பும் மூன்று ஒலியளவுக் குமிழ்களும்

திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில் நான் இசை கேட்பது பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பின்னர்தான் என்பதால், ப்ரீஆம்ப்ளிஃபையரின் (சீடி பிளேயருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் நின்று ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒலியளவுக் குமிழ் அடிமட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதே எனக்கு முதற்கேள்வி. 14 ஆண்டுகளில் மூன்று வகைக் குமிழ்களைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதல் ஏழு ஆண்டுகள் இருந்தது, திருப்பத் திருப்ப மின்தடை மாறும் சாதாரண கார்பன் பொட்டென்ஷியோமீட்டர். இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிக் கார்பன் தடங்கள். அவை தொடக்கப் பகுதியில் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. குமிழின் குறி, கடிகாரத்தின் மணி முள்ளைப் போல, எட்டரை மணி நிலையில் நிற்கும்போது நாதஸ்வரம் நடுவில் இராமல் வலப்பக்கம் சாய்ந்துவிடும். ஒன்பதைத் தாண்டினால் நடுவுக்கு வரும், ஆனால் பக்கத்து அறையில் அம்மா விழித்துக்கொள்வார். நான்காம் ஆண்டில் திருப்பும்போதெல்லாம் கரகரப்பு எழத் தொடங்கியது. கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் இரண்டு மாதம் அடங்கியிருந்து, வாடைக்காற்றோடு திரும்பிவரும். கடற்காற்றையே நெடுநாள் பழித்துக்கொண்டிருந்தேன். குமிழுக்கு முந்தைய மின்சுற்றில் நேரோட்டத்தை (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) தடுக்க வேண்டிய கொள்ளளவி (கப்பாசிட்டர்) கசிந்து, அது குமிழுக்கு வந்தாலும் அதே கரகரப்பு எழும் என்பது பின்னரே தெரிந்தது.

அடுத்து மூன்று ஆண்டுகள், 24 நிலைகளும் நிலைக்கு நிலை 2 டெசிபல் (ஒலியளவு வேறுபாட்டின் அலகு) இடைவெளியும் கொண்ட சுழல் சுவிட்ச். ஒரு சதவீதத் துல்லியமுள்ள தடையிகளால் (ரெசிஸ்டர்) ஆனதால் இட வலச் சமநிலையில் குறையே இல்லை. ஆயினும் இரவில் எனக்கு வேண்டிய அளவு எப்போதும் இரண்டு நிலைகளுக்கு நடுவில்தான் இருந்தது. இதை வாங்குவோர் ஒலித்தரத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். நிலைகளின் இடைவெளியை யாரும் கேட்பதில்லை.

இப்போது நான்கு ஆண்டுகளாக இருப்பது ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) வகை. இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு ரிலேக்கள் சேர்ந்து, 1 டெசிபல் இடைவெளியில் 64 நிலைகளைத் தருகின்றன. தொடுமுனைகள் மூடிய உறைக்குள் இருப்பதால் உப்புக்காற்று எளிதில் அண்டுவதில்லை. மூன்றில் நான் வைத்துக்கொள்ள விரும்புவது இதையே. குறை ஒன்று உண்டு: 31இலிருந்து 32க்குப் போகும்போது ஐந்து ரிலேக்கள் ஒரு நிலைக்கும் ஆறாவது அதற்கு எதிர் நிலைக்கும் ஒரேயடியாக மாற வேண்டியிருப்பதால், அந்த ஒரு படியில் மட்டும் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கும். அமைதியான ஆலாபனையின் நடுவே அது எரிச்சலூட்டும்.

இவ்வளவு செலவழித்த பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீடி பிளேயர் தருவது 2 வோல்ட். முதல் ப்ரீஆம்ப் அதை 12 டெசிபல், அதாவது நான்கு மடங்கு, பெருக்குகிறது. ஸ்பீக்கரை இயக்கும் என் பவர் ஆம்ப்ளிஃபையரோ 1 வோல்ட்டிலேயே முழுத்திறனை எட்டிவிடும். குமிழ் எட்டரை மணியிலேயே கிடந்ததன் காரணம் இந்த மிகைப் பெருக்கம்தான். பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடையிகளைக் கொண்டு உள்ளீட்டில் 12 டெசிபலைக் குறைத்து, அந்தப் பழைய ப்ரீஆம்பைத் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் வீட்டில் குமிழ் பத்து மணியைத் தாண்டி நிற்கிறது, நாதஸ்வரமும் நடுவில் நிற்கிறது. கரகரப்பு மட்டும் இன்னும் போகவில்லை.