ஓடையோரம் இரண்டு இரவு: ஏலகிரி, தலக்கோனா, ஜவ்வாது மலை

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இரவு என்பது கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம். பிரேக்கிலிருந்து காற்று சீறும் ஓசை விடியும்வரை ஓயாது. ஆகவே எங்கள் வீட்டில் மலைக்குப் போகும் பேச்சு எழுந்தபோது, என்னென்ன பார்க்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிற இடத்தில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தூங்க வேண்டும் என்றார்கள். அந்த ஒரு தேவையையே அளவுகோலாக வைத்து, வடசென்னையிலிருந்து ஒரே நாளில் சென்று சேரக்கூடிய மூன்று மலைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

போய்ச் சேருவதில் எளிது ஏலகிரி. ஜோலார்பேட்டை வரை ரயில், அதன்பின் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம். வயதானவர்களும் சிரமமின்றிச் சென்று வரலாம். ஆனால் அங்கே தண்ணீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது படகு ஓடும் புங்கனூர் ஏரிதான். ஜலகாம்பாறை அருவியோ மலையின் மறுபக்கத்தில் இருக்கிறது, அதுவும் மழையை நம்பியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 'ஓடையோரக் கூடாரம்' என்ற விளம்பரத்தை நம்பி ஒரு சனிக்கிழமை அந்த மலையில் தங்கினோம். ஓடை இருந்தது, அதில் தண்ணீர் இல்லை. இரவு பதினொன்றரை வரை பக்கத்துத் தோட்டத்தில் ஒலிபெருக்கி மட்டும் ஓயாமல் பாடியது. ரயிலில் போகிறவர்கள் மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: எரிவாயு உருளையைப் பெட்டியில் எடுத்துச் செல்வதற்குத் தடை உள்ளது, ஆகவே சொந்தச் சமையல் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான்.

தலக்கோனா ஆந்திரத்தில் இருந்தாலும், நம் பக்கத்து மக்களுக்கு அது அந்நியமான திசை இல்லை. மாதவரத்தில் பேருந்து ஏறித் திருப்பதியில் இறங்கினால், அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் இன்னொரு வண்டியில் போக வேண்டும். 270 அடி உயர அருவி, அதன் நீர் ஓடையாக இறங்கும் அடர்ந்த காடு, சித்தேஸ்வர சுவாமி கோயில் எல்லாம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருகின்றன. பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் இருட்டிய பின் நினைத்த இடத்தில் நடமாட முடியாது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை, பகலில் அருவிக்கு வந்த கூட்டம் கிளம்பிய பிறகு கிடைக்கும் அமைதிக்கு அந்தக் கட்டுப்பாடே காரணம். மகா சிவராத்திரியையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவிர்த்துவிட்டால், அறையில் தங்க விரும்புகிற குடும்பத்துக்கு இந்த மூன்றில் தலக்கோனாவையே பரிந்துரைப்பேன். உணவுப் பையைத் திறந்து வைத்தால் குரங்குகள் விட்டுவைக்காது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கூடாரம்தான் வேண்டும் என்றால் என் மனம் ஜவ்வாது மலையின் பக்கமே சாய்கிறது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்ல 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகவும் ஏறலாம். அந்த வழியில் காவலூர் வருகிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருப்பது, இந்த மலையின் இருட்டுக்குக் கிடைத்த நற்சான்று. சாமையும் தேனும் விளையும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் நிறைந்த மலை இது. விடுதிகள் இன்னும் ஏலகிரி அளவுக்கு நெருங்கி முளைக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது நிலத்தின் தன்மை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றமாகும். எனவே ஓடையை ஒட்டிய பட்டா நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு தங்குவதே முறை. சென்ற ஆண்டு அப்படித் தங்கியபோது, கரைமணல் மெத்தைபோல் இருக்கிறதே என்று அங்கேயே கூடாரத் துணியை விரித்தேன். நிலத்துக்காரப் பெரியவர் பேசாமல் ஒரு புங்கமரத்தைக் காட்டினார். என் இடுப்பு உயரத்தில், அதன் கிளைக்கவையில் காய்ந்த புல்லும் ஒரு பாலித்தீன் கிழிசலும் சிக்கியிருந்தன. "தண்ணி சொல்லிட்டு வராதுங்க சார், மேல பேஞ்சா இங்க வரும்" என்றார். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது என் நினைவுக்கு வந்தது. நாற்பது தப்படி மேலே, பாறைத் திட்டில் கூடாரத்தை அடித்தோம். அங்கிருந்தும் ஓடையின் சத்தம் தெளிவாகக் கேட்டது. இரவில் குளிர்காற்று பள்ளத்தை நோக்கி இறங்குவதால் மேட்டில் குளிரும் குறைவாகவே இருந்தது.

இந்த வட்டாரத்தில் உண்ணிக் காய்ச்சல் உண்டு. புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிகளின் கடியால் பரவுவது அது. முழுக்கால் உடையும், தரையில் தடித்த விரிப்பும் அவசியம்; ஊர் திரும்பிப் பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் கண்டால், மலையில் தங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான்.

பருவத்தைப் பொறுத்தவரை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்குதான்: மார்ச் பிறந்தால் ஓடைகள் மெலிந்து, காட்டுத்தீயின் காலம் தொடங்கிவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டதை மறந்துவிட்டு யாரும் அந்த மாதத்தில் மலையேறக் கூடாது. நவம்பரில் புயல் எச்சரிக்கை இருக்கும்போது ஓடைப்பக்கம் போகவே வேண்டாம். பொங்கல் விடுமுறை முடிந்து கூட்டம் வடிந்த ஜனவரி இறுதிதான் தண்ணீருக்கும் குளிருக்கும் ஏற்றது. போளூர் வழியாகச் செல்கிறவர்கள் பௌர்ணமியைத் தவிர்க்க வேண்டும். கிரிவலக் கூட்டத்தால் வேலூர், திருவண்ணாமலைப் பேருந்துகளில் நிற்கவும் இடம் இருக்காது. அமாவாசையை ஒட்டிய வார நாட்களில் போனால் பேருந்தில் இடமும் கிடைக்கும், வானில் நட்சத்திரங்களும் தெளிவாகத் தெரியும். எங்கள் வீட்டில் அம்மா தலக்கோனாதான் வேண்டும் என்கிறார். முழங்கால் வலிக்காரருக்கு அறையும் கட்டிலும் தேவை. ஆகவே அவருக்காக பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கேயும், பிள்ளைகளோடு தை அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைக்கும் என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.