சாய்வு ரயிலா, அட்ஜஸ்டபிள் ரிங்கா?

தூரத்தில் சுட, துப்பாக்கியில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) முன்பக்கம் சற்றுக் கீழே சாய்த்து மாட்ட இரண்டு வழி: துப்பாக்கி மேல் பொருத்தும் சாய்வான பட்டை, அதாவது ரயில்; அல்லது ஸ்கோப்பைப் பிடிக்கும், சாய்வை மாற்றக்கூடிய ரிங். 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வுள்ள ரயில் மலிவு, மாட்டினால் மறந்துவிடலாம். 100 மீட்டரில் அது சுமார் 58 செ.மீ.; அந்த அளவுக்கு ஸ்கோப் டயலில் குறியை மேலே ஏற்ற இடம் மிச்சம். ஆனால் ஸ்கோப்பின் மொத்த அட்ஜஸ்ட்மென்ட்டே 30 எம்ஓஏதான் என்றால் 100 மீட்டர் ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி அமைப்பது) கிடைக்காமல் போகலாம். அட்ஜஸ்டபிள் ரிங்கில் சாய்வை நாமே வைக்கலாம், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அதுதான் சரி, ஆனால் பாகங்கள் அதிகம், சென்னை உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடிப்பது தெரியும்தானே! தூரத்துக்கு மட்டும் என்றால் நான் ரயில் பக்கம்.

எதுவானாலும், கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள், அப்புறம் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, ரிங்கின் இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி, டார்க் ரென்ச்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.