என் நாள்காட்டியில் நான் எழுதாத குறிப்பு: 1,480 வெள்ளி போய்விட்டது

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மணவறை அலங்காரத் தொழில் செய்துவரும் நான், நேற்று முன்தினம் மாலை 1,480 வெள்ளியை (ரிங்கிட்) மோசடியில் பறிகொடுத்தேன். தற்காத்துக்கொள்ளும் வழிகளைக் கடைசியில் சொல்கிறேன்.

என் முகூர்த்தத் தேதிகள் அனைத்தும் மின்னஞ்சலோடு இணைந்த நாள்காட்டியில்தான் இருக்கின்றன. பூக்காரருக்கு மல்லிகை சொல்ல வேண்டிய நேரத்தில் ஒலிக்கும் அதே மணி அன்றும் ஒலித்தது. எடுத்துப் பார்த்தால், தண்ணீர்மலைக் கோயில் திருமணத்துக்கும் கடை வாடகைக்கும் நடுவே, "இணையத்தளத்தின் மூன்றாண்டுச் சந்தா, இன்று மாலை 6 மணிக்குள்" என்று ஒரு குறிப்பும், அதன் கீழே பணம் செலுத்தும் சுட்டியும் இருந்தன. அதுவே மின்னஞ்சலாக வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். என் சொந்த நாள்காட்டியில் இருந்ததால், எப்போதோ நானே குறித்துவைத்து மறந்திருக்கிறேன் என்று நம்பி, வங்கிச் செயலியில் ஒப்புதலும் கொடுத்துவிட்டேன்.

இரவு தேடியபோது, அந்தக் குறிப்பை நாள்காட்டி அழைப்பாகக் கொண்டுவந்த மின்னஞ்சல் குப்பை அஞ்சலில் கிடந்தது. வாசலில் தடுத்தவனைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்து கூடத்தில் உட்கார வைத்தது போல, தானே குப்பை என்று ஒதுக்கிய அழைப்பை மென்பொருள் என் நாள்காட்டியில் எழுதி, நினைவூட்டலும் வைத்திருக்கிறது. யார் அனுப்பினாலும் என்னைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்படிதான் அது தொடக்கத்திலிருந்தே அமைக்கப்பட்டிருந்தது.

மென்பொருளின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். முதலில் தானியங்கிப் பதில் வந்தது. அடுத்து, "அந்த அழைப்பை நாங்கள் அனுப்பவில்லை, அமைப்பை மாற்றும் உரிமை உங்களிடமே உள்ளது" என்றார்கள். அந்த உரிமை நான்கு பட்டியல்களுக்கு உள்ளே ஒளிந்திருப்பதை யார் சொன்னார்கள்? வங்கியோ, ஒப்புதல் அளித்தவர் நீங்கள்தானே என்று முடித்துக்கொண்டது. 1,480 வெள்ளி என்பது எனக்கு ஒரு மேடையின் பூச்செலவு.

அமைப்புகளில், நீங்கள் ஏற்ற அழைப்புகள் மட்டும் நாள்காட்டியில் சேரும்படி உடனே மாற்றுங்கள். மின்னஞ்சலை அழித்தாலும் குறிப்பு தங்கிவிடலாம். அதில் "மறுக்கிறேன்" என்பதை அழுத்தாதீர்கள். அந்தப் பதில், அழைப்பை அனுப்பியவனுக்கே போய், உங்கள் முகவரி உயிரோடு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். பணம் போனால் அந்த நிமிடமே மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணை அழையுங்கள். நான் மறுநாள் காலையில்தான் அழைத்தேன். மீதியை எழுத இப்போது பொறுமையில்லை, போலீஸ் புகாரின் நகலோடு மறுபடியும் வங்கிக்குப் போக வேண்டும்.