ஒரு மேசை, ஐந்து அடுப்பு: உணவங்காடி நிலையங்களில் 11 ஆண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. சிங்கப்பூரில் குடியேறிய 11 ஆண்டுகளில், காய்ச்சல், தேர்வு, கிருமித்தொற்றுக் கால முடக்கம் என்று விடுபட்ட வாரங்கள் போக, ஏறக்குறைய எல்லா ஞாயிறுகளிலும் குடும்பத்தோடு வெளியில்தான் சாப்பிட்டிருக்கிறோம். குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதி உணவகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்கின் கீழ்த்தளத்துக் காப்பிக்கடைகள், பல சிறு உணவுக்கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் உணவங்காடி நிலையங்கள் ஆகிய மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்திவிட்டு, கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக உணவங்காடி நிலையத்திலேயே நிலைகொண்டுவிட்டோம். அதில் கண்ட வசதிகளையும் பட்ட பாடுகளையும், பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியே சாப்பிடப் போகிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஐவர். மாமியாருக்கு வயது 72. முட்டைகூடத் தொடாத சைவம். கணவர் எதையும் சாப்பிடுவார். எனக்கு மீனும் கோழியும் போதும். மகளுக்கு வயது 14. காரம் இல்லாத உணவை உணவென்றே ஒப்புக்கொள்ளமாட்டாள். ஒன்பது வயது மகனுக்கு மூன்று ஆண்டுகளாக நூடல்ஸைத் தவிர வேறு உலகம் இல்லை. இந்த ஐவரும் ஒரே சமையற்கட்டிலிருந்து வரும் உணவை உண்பதென்றால், யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் மாமியாராகவே இருந்தார். ஓர் உணவகத்துக்குள் நுழைந்துவிட்டால் அங்கே அவருக்குக் கிடைப்பது வெள்ளைச் சோறும் வதக்கிய கீரையும்தான். உணவங்காடி நிலையத்தில் அந்தச் சிக்கல் முதல் நாளே தீர்ந்தது. ஹைனான் கோழிச் சோறு ஒரு கடையிலிருந்தும், மீ கோரிங் இன்னொன்றிலிருந்தும், மீன் உருண்டை நூடல்ஸ் அதற்கடுத்த கடையிலிருந்தும், தோசை வேறொரு மூலையிலிருந்தும் வந்து ஒரே மேசையில் உட்காரும். கடை வேறு, விலை வேறு, அடுப்பு வேறு. மேசை மட்டும் ஒன்று. 1971 முதல் 1986 வரை அரசாங்கம் தெருவோர வியாபாரிகளைக் கூரையும் தண்ணீர்க் குழாயும் உள்ள நிலையங்களுக்குள் கொண்டுவந்தபோது எங்கள் மாமியாரை மனத்தில் வைத்துச் செய்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அந்த ஏற்பாடு அவருக்காகவே அமைந்ததுபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது. இன்று நாடு முழுவதும் இத்தகைய நிலையங்கள் 110க்கும் மேல் இருக்கின்றன. 2020 டிசம்பரில் இந்த அங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபோது மகளின் பள்ளியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் தன் பாட்டி வழக்கமாக வாங்கும் தோசைக்கடையைப் பற்றித்தான் எழுதினாள்.

இதற்குக் கொடுக்கும் விலை உழைப்பு. ஐந்து கடையில் ஐந்து வரிசை. ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் தயாராகும். தொடக்கத்தில் நாங்கள் எல்லாரும் கும்பலாகக் கடை கடையாகச் சுற்றிவிட்டு, கையில் சூடான தட்டுகளோடு மேசை தேடித் திண்டாடியிருக்கிறோம். இப்போது மாமியாரும் மகனும் முதலில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆள் இல்லாமல் டிஷ்யூ பொட்டலத்தை மேசைமேல் வைத்து இடம் பிடிக்கும் ‘சோப்’ வழக்கம் இங்கே எழுதாத சட்டம். எட்டுப் பேர் அமரும் மேசையை ஒற்றைப் பொட்டலம் காவல் காப்பதையும், அதை ஒருவரும் அப்புறப்படுத்தாததையும் கண்டு ஊரிலிருந்து வந்த என் தம்பி வியந்துபோனான். எங்களுக்கு அந்த வழக்கத்தில் இன்றும் மனம் ஒப்பவில்லை. பெரியவர்கள் தட்டோடு நின்றுகொண்டிருக்க, காலி நாற்காலிகளைக் காகிதம் காத்துக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. பதினொன்றரை மணிக்குள் போய்விட்டால் அந்தச் சங்கடமே இல்லை. பன்னிரண்டரைக்குப் போனால் நின்றே தீரவேண்டும்.

சைவம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த 11 ஆண்டுகளில் நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டதும் அதிகம் ஏமாந்ததும் அதில்தான். இங்கே ‘சைவம்’ என்று கேட்டால் பல கடைக்காரர்கள் புரிந்துகொள்வது ‘கண்ணுக்குத் தெரியும் இறைச்சி வேண்டாம்’ என்பதுதான். குடியேறிய இரண்டாம் ஆண்டில், ஒரு கடைத்தொகுதி உணவகத்தின் பட்டியலில் இலைப் படம் போட்டு இருந்த லக்சாவை, அதாவது தேங்காய்ப்பால் குழம்பில் போட்ட நூடல்ஸை, மாமியாருக்கு வாங்கினோம். கணவர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுப் பணியாளரை அழைத்துக் கேட்டபோது, இறாலும் மீன் கேக்கும் போடவில்லை, ஆனால் குழம்பு ஒரே குழம்புதான் என்று அவர் மிகவும் இயல்பாகச் சொன்னார். லக்சாவின் அரைத்த மசாலாவிலேயே காய்ந்த இறால் இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். மாமியார் அதற்குள் மூன்று வாய் குடித்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, இரவு இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். பணத்தைத் திருப்பித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மூன்று வாயைத் திருப்ப முடியாது.

அதன்பிறகு எங்கள் கேள்விமுறையையே மாற்றிக்கொண்டோம். ‘சைவமா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘குழம்பில் என்ன இருக்கிறது? வறுக்கிற எண்ணெய் எது? சிப்பிச் சாறு ஊற்றுவீர்களா? சம்பலில் பெலாச்சான் உண்டா?’ என்று பொருள் பொருளாகக் கேட்கிறோம். கங்கோங் கீரை வதக்கல் பார்வைக்குப் பரம சைவம். பெரும்பாலும் அதில் பெலாச்சான் இருக்கும், அதாவது இறாலைப் புளிக்கவைத்துச் செய்த விழுது. வெறும் காய்கறி போட்ட அரிசிச் சேமியாவான பீஹூனில்கூட மீன் சாறு சேர்ப்பவர்கள் உண்டு. மஞ்சள் நூடல்ஸில் முட்டை இருக்கலாம். ‘கேரட் கேக்’ என்று பெயர்ப்பலகையில் கண்டு என் மகள் ஐந்து வயதில் அடம்பிடித்து வாங்கினாள். கேக்கும் இல்லை, கேரட்டும் இல்லை, வெள்ளை முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்த்து அவித்து, துண்டுபோட்டு, முட்டையோடு வறுத்த பண்டம் வந்தது. ஹொக்கியன் மொழியில் முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் ஒரே அடிச்சொல் என்பதால் வந்த வினை. அவள் அழுதாள்; இன்று அதுதான் அவளுக்குப் பிடித்த உணவு. பாட்டிக்கு அது முட்டையால் தள்ளுபடி.

பிறகு சீனச் சைவக் கடைகளைக் கண்டுபிடித்தோம். பௌத்த மரபைப் பின்பற்றும் அந்தக் கடைகளில் இறைச்சி மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை; விரத நாள்களில் இவ்விரண்டையும் ஒதுக்குகிற மாமியாருக்கு, சொந்த ஊரின் உணவகங்களில்கூடக் கிடைக்காத ஒன்று இங்கே முன்பின் தெரியாத ஒரு சமயத்தின் வழியாகக் கிடைத்தது. மாண்டரின் மொழியில் சைவத்தைக் குறிக்கும் ‘சூ’ என்ற ஒற்றைச் சொல்லை அவர் கற்றுக்கொண்டார். நிலவு நாள்காட்டியின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சீனர்கள் பலர் சைவம் உண்பதால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்தக் கடைகளில் வரிசை நீளும் என்பதை அவர் நாங்கள் யாரும் சொல்லாமலே தம் பஞ்சாங்கத்தைக் கொண்டு கணித்துவிட்டார். ஒரே குறை, கோழி போலவும் மீன் போலவும் பன்றி இறைச்சி போலவும் கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் செய்து அடுக்கியிருக்கும் போலி இறைச்சிகள். தோலும் வரியும் உள்ள ஒரு ‘மீனை’ அவருடைய தட்டில் வைத்த அன்று, “சைவமா இருந்தா மட்டும் போதுமாம்மா, சைவமா தெரிய வேண்டாமா?” என்று என்னைக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது டோஃபு, முட்டைக்கோஸ், காளான் இவற்றை மட்டும் விரல் நீட்டிக் காட்டி வாங்குகிறார்.

லிட்டில் இந்தியா வட்டாரத்தில் இருக்கும் தேக்கா நிலையத்தில் இந்த விசாரணைக்கே தேவை இல்லை. அங்கே தமிழிலேயே கேட்கலாம். கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையை ஒட்டி உணவுக்கடைகள், மேலே துணிக்கடைகளும் தையற்கடைகளும். முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு அப்படியே தோசை சாப்பிட்டுவிட்டு வரலாம். தேக்கா என்ற பெயரை எங்கள் சொல்லாகவே நினைத்திருந்தோம். சிறுமூங்கில்களின் அடி என்ற பொருளில் வரும் ஹொக்கியன் சொற்றொடரிலிருந்து பிறந்தது அது.

விலையைப் பொறுத்தவரை ஒப்பீடே தேவையில்லை என்றாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உணவங்காடி நிலையத்தில் எங்கள் ஐவருக்கும் பானங்களோடு சேர்த்து 35 முதல் 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகிறது. பலகையில் உள்ள விலைதான் கொடுக்கும் விலை. கடைத்தொகுதி உணவகத்தில் பட்டியல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, ஆகமொத்தம் 119 வெள்ளி 90 காசு. கேட்காமலே மேசைக்கு வரும் வறுத்த வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. வேண்டாமென்றால் உட்கார்ந்தவுடனே சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். 2025 மே மாதத்தில் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு அரசாங்கத்திடமிருந்து கிடைத்த 500 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டில் பாதியை உணவங்காடிகளிலும் வட்டாரக் கடைகளிலும் செலவழிக்க முடிந்ததால், எங்கள் பல ஞாயிறுகள் அதிலேயே கழிந்தன. மீதிச் சில்லறை தரமாட்டார்கள். ஐந்தரை வெள்ளி உணவுக்கு 5 வெள்ளிச் சீட்டைக் கைப்பேசியில் காட்டிவிட்டு 50 காசைக் கையில் கொடுப்பதே சரி.

சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது உணவங்காடி நிலையங்களில் கட்டாயம். முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு, மற்றவற்றுக்குத் தனி அடுக்கு. என் மகன் ஐந்து வயதிலிருந்தே நிறம் பார்த்துப் பிரித்து வைக்கிறான். வீட்டில் தன் தட்டைக் கழுவுதொட்டிவரை கொண்டுபோக அவனை நான்கு முறை அழைக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. தட்டைத் திருப்பி வைக்கும் வழக்கம் வந்தபிறகு மைனாக்களின் தொல்லையும் நன்றாகக் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் எழுந்த மறுநொடி மேசை அவற்றுக்குச் சொந்தம்.

வெப்பத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கூரை மின்விசிறிகள் காற்றைக் கிளறுமே தவிரக் குளிர்விக்கா. ஏப்ரல், மே மாதங்களில் மாமியாருக்கு மூச்சு முட்டுகிறது. அந்த வாரங்களில் சாப்பாட்டைத் ‘தாபாவ்’ செய்து, அதாவது பொட்டலம் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். 1894இல் எழுந்த இரும்புக் கட்டடமான லாவ் பா சாட்டில், மாலையில் பக்கத்துத் தெருவை மூடிப் போடும் சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) கடைகளுக்குப் பிள்ளைகளோடு போவது ஓர் இன்பம். கரிப்புகை ஒத்துக்கொள்ளாத முதியவர்களுக்கு அது உகந்ததன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலையங்களைத் துப்புரவுக்காக மூடுவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறைத் திங்கட்கிழமை ஒன்றில் பசியோடு போய் மூடிய கதவுகளையும் தண்ணீர் பீய்ச்சும் பணியாளர்களையும் பார்த்துத் திரும்பிய அனுபவத்துக்குப் பிறகு, தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் தேதிகளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

எங்கள் கவலை வேறொன்று. அங்காடிக்காரர்களின் இடைநிலை வயது 60ஐ ஒட்டியிருக்கிறது. ஏழு ஆண்டுகள் விசாரித்து விசாரித்து, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்திருந்த எங்கள் சைவ நூடல்ஸ் கடையின் முதியவர் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றார். இழுகதவில் சீனத்தில் எழுதிய ஒரு தாள். மகள் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினாள். முழங்கால் வலி, நன்றி, அவ்வளவுதான். அந்த இடத்தில் இப்போது ஓர் இளைஞர் கடை வைத்திருக்கிறார். இரண்டு மாதம் மாமியார் அந்தப் பக்கமே போகவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை தாமாகவே போய் நின்று, நூடல்ஸைக் காட்டி, “எக்?” என்றார். இளைஞர் குனிந்து, பிரிக்காத நூடல்ஸ் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி அவர் கையில் கொடுத்தார். மாமியார் கண்ணாடியை மறந்து வந்திருந்தார். பேத்தியைக் கூப்பிட்டு ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சிறிய தட்டு ஒன்று போதும் என்று விரலைக் காட்டினார்.