டஸ்ட் கலெக்டரை சர்வீசுக்குக் கொடுக்கும் முன் ஃபில்டரைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள்

வீட்டில் மரவேலை செய்து, மரத்தூளை உறிஞ்சி எடுக்கும் டஸ்ட் கலெக்டர் மெஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். 780 வெள்ளி போனது ஒரு பக்கம். ஐந்து வாரம் என் அம்மா மரத்தூளைச் சுவாசித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தெரஸ் வீட்டின் பின்கட்டில்தான் பட்டறை. சமையலறைக்கும் அதற்கும் நடுவே ஒரு கதவு, அவ்வளவுதான். அதனால் டஸ்ட் கலெக்டர் வாங்கும்போதே, 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் தூளையும் பிடிக்கும், மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃபில்டர் போட்டதாகப் பார்த்து வாங்கினேன். தீபாவளிக்கு முன் அலமாரி வேலை நிறைய வந்தது. திடீரென்று இழுவை குறைந்து, பிளேனரில் (பலகை சீவும் மெஷினில்) சீவிய சுருளெல்லாம் தரையில் கொட்ட ஆரம்பித்தது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மெஷின் பழுதுபார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார். "தம்பி, மோட்டார் காயில் போயிருக்கு. புதுசா கட்டணும். ஃபில்டரையும் சுத்தம் பண்ணிக் கொண்டாந்துடுறேன்" என்று சொல்லி மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளைத்தான் காயில் என்றார். முழு மெஷினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். நான்கு நாளில் திரும்பி வந்தது. மடிப்பு ஃபில்டர் இருந்த இடத்தில் வெள்ளைத் துணிப்பை ஒன்று தொங்கியது. "பழசு கிழிஞ்சிருச்சு தம்பி, இதுல காத்து நல்லா போகும்" என்றார். சுவிட்சைப் போட்டதும் குழாய் கையைப் பிடித்து இழுத்தது. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்தேன்.

அந்த இழுவையை நம்பியதுதான் தவறு. ஃபில்டரை மடித்து மடித்து வைப்பது துணியின் பரப்பைக் கூட்டத்தான். பரப்பு அதிகமானால், நெசவு நெருக்கமாக இருந்தாலும் காற்று தடையில்லாமல் போகும். மடிப்பில்லாத சின்னப் பையில் காற்று தாராளமாகப் போகிறதென்றால் நெசவு தளர்வு என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியும் சுருளும் தூளும் கீழ்ப்பையில் விழும். கண்ணுக்குத் தெரியாத மாவு முழுக்கத் துணி வழியாக வெளியே வந்து வீட்டுக்குள் மிதக்கும்.

கண்டுபிடித்தது அம்மாதான். வெள்ளிக்கிழமை துலக்கி வைத்த காமாட்சி விளக்கு சனிக்கிழமையே மாவு பூத்த மாதிரி இருக்கிறது என்றார். அவருக்கு இருமலும் விடவில்லை. நான் வானிலை என்று நினைத்தேன். ஒரு ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மெஷினை ஓடவிட்டுப் பைக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். துணியிலிருந்து புகை போல வந்துகொண்டிருந்தது. பையின் உள்தையலில் ஒரு சின்னத் துண்டு, அதில் 30 மைக்ரான் என்று அச்சடித்திருந்தது.

நுரையீரல் வரை இறங்குவது 10 மைக்ரானுக்கும் குறைந்த தூள்தான். அது மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்துவிட்டது. நான் அந்த வாரங்களில் அறுத்தது நியாத்தோ மரம். அதன் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

போன் செய்து கேட்டேன். "ஓட ஓடப் பையில தூசி படிஞ்சு தானா வடிகட்டும் தம்பி" என்றார். பாதி உண்மை. துணியில் படியும் தூசி கொஞ்சம் வடிகட்டத்தான் செய்யும். ஆனால் பையை உதறும்போதெல்லாம் அது விழுந்துவிடும். மறுபடி படியும்வரை வடிகட்டுவது நம் நெஞ்சுதான். என் பழைய ஃபில்டரையாவது கொடுங்கள் அண்ணே என்றேன். குப்பையில் போட்டுவிட்டாராம்.

காயில் கதை அதைவிட மோசம். மோட்டார் கட்டும் நண்பர் ஒருவர் மூடியைத் திறந்து பார்த்தார். கம்பெனியில் பூசிய வார்னிஷ் அப்படியே இருந்தது, கட்டிய நூலைக்கூட யாரும் தொடவில்லை. இரண்டு வாரம் கழித்து இழுவை மறுபடி குறைந்தபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டு குழாயைக் கழற்றினேன். விசிறிக்கு முன்னால், காற்று உள்ளே போகும் குழாய் வாய்க்குக் குறுக்கே கம்பி இருக்கிறதே, அதில் நீளச் சீவல்கள் பந்தாகச் சிக்கியிருந்தன. கையால் எடுக்கப் பத்து நிமிடம். முதல் முறையும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எனவே இழுவை குறைந்தால் முதலில் அந்த வாயைப் பாருங்கள். அப்புறம் கீழ்ப்பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஃபில்டரின் கைப்பிடியைச் சுழற்றி மடிப்புகளில் ஒட்டிய தூளைத் தட்டிவிடுங்கள். கம்ப்ரசர் காற்று அடிப்பதானால் வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு, வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி, மெதுவாக. வேகமாக அடித்தால் துணியில் ஓட்டை விழும். நம் ஊர் ஈரத்தில் தூள் மடிப்புக்குள் களிபோல ஒட்டிக்கொள்ளும், அதனால் வேலை முடிந்த அன்றே தட்டுவது நல்லது. மோட்டாரை யாரிடமாவது கொடுத்தே ஆகவேண்டுமென்றால் மோட்டாரை மட்டும் கொடுங்கள். கொடுக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பழைய உதிரியைக் கையில் வாங்காமல் பணம் தராதீர்கள்.

புது ஃபில்டர் வாங்கிப் போட்டுவிட்டேன். அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுத்திருக்கிறேன். அங்கே வக்கீல் தேவையில்லை. பில்லும் அந்தத் துணிப்பையும் பத்திரமாக இருக்கின்றன. விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.