பழைய டீசல் டிரக்கில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு: முதலில் பவரா, எக்ஸாஸ்ட் பிரேக்கா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரும், கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரத்தில். அதை விட்டு வெளியே வந்ததும் சில்வர்த்தோர்ன் ஊர் வரைக்கும் சுமார் 13 கிலோமீட்டர் இறக்கம், சில இடங்களில் 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சாலையோரத்தில் சரளைக்கல் மேடு போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட இறக்கம் என்று புரியும்.

என் டிரக் 2001 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 24 வால்வு, ஹை அவுட்புட், ஆறு கியர் மேனுவல். கம்பெனியிலிருந்து வரும்போது 245 குதிரைத்திறன். பின்னால் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (டிரக்கின் பின் தொட்டியில் மாட்டி இழுப்பது), டிரக், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து மொத்தம் ஒன்பது டன்னுக்குப் பக்கத்தில் வரும். வாங்கிய முதல் வருடம் கையில் இருந்த பணத்துக்கு இன்ஜினுக்குக் கூடுதல் டீசல் ஊற்ற வைக்கும் டியூனர் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினேன், அறுபது குதிரை கூடியது, ஏற்றத்தில் வண்டி பாய்ந்தது, ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அதே பயணத்தில் சுரங்கத்தைத் தாண்டி இறங்கும்போது பாதி வழியிலேயே பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போக ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் இடது பக்கச் சக்கரத்திலிருந்து நீலமாகப் புகை. பிரேக் லைனிங் கருகும் அந்த நாற்றம் ஜன்னல் மூடியிருந்தும் உள்ளே வந்தது. ஓரம்கட்டி முக்கால் மணி நேரம் நின்றோம். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எதை முதலில் போடலாம்?" என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிக்கும் சாதனம்) என்று சொல்வது அதனால்தான். ஆனால் பயத்தில் மட்டும் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதே பதில்தான் வருகிறது.

ஒன்பது டன்னை 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஏற்ற, மலையை வெல்லவே சுமார் 158 குதிரைத்திறன் வேண்டும். அதற்கு மேல் காற்றும் டயர் உராய்வும் ஒரு 80 தின்னும், பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிற டிரெய்லருக்குக் காற்று பெரிய எதிரி. மொத்தம் சக்கரத்தில் 240 வேண்டும். 245 குதிரை இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் தாண்டிச் சக்கரத்துக்கு வந்து சேர்வது 205, 210தான், அதனால் வண்டி 72 கிலோமீட்டர் வேகத்தில் திணறி ஏறும். அறுபது குதிரை கூட்டினால் 85 வரை போகலாம். சரி, 13 கிலோமீட்டர் ஏற்றத்தில் இதனால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? இரண்டு நிமிடம்கூட இல்லை.

இப்போது இறக்கத்தைப் பாருங்கள். சுரங்கத்துக்கும் சில்வர்த்தோர்னுக்கும் நடுவில் 640 மீட்டர் உயர வித்தியாசம். ஒன்பது டன் அவ்வளவு தூரம் கீழே வரும்போது வெளிப்படும் சக்தி சாதாரணத் தண்ணீர் 170 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். காற்றும் டயரும் அதில் பாதியைப் போல எடுத்துக்கொள்ளும் (ஏறும்போது எதிரியாக இருந்த காற்று இறங்கும்போது நண்பன்). மீதி எண்பது லிட்டருக்கான சூட்டை ஏதாவது ஒன்று வாங்கியே ஆக வேண்டும், இன்ஜினோ பிரேக் டிரம்மோ. பெட்ரோல் வண்டி என்றால் ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடி இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசலில் காற்று வரும் வழியை மூடுவதற்கு அப்படி எதுவும் கிடையாது, காலை எடுத்தால் டீசல் நிற்கும், அவ்வளவுதான், வண்டி சரசரவென்று ஓடும். நம் ஊர் மலைப்பாதை டிரைவர்கள் "ஏறின கியரிலேயே இறங்கு" என்று சொல்வது இங்கேயும் சத்தியம், ஆனால் இந்த எடைக்கு அது மட்டும் போதாது.

எக்ஸாஸ்ட் பிரேக் செய்வது எளிமையான வேலை. டர்போவுக்குப் பின்னால் புகைக்குழாயில் ஒரு தட்டு வால்வு, நீங்கள் காலை எடுத்ததும் மூடிக்கொள்ளும். பிஸ்டன் மேலே வந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளப் பார்க்கும்போது போக வழி இல்லாமல் அழுத்தம் திரும்பும், அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவதே பிரேக்காக வேலை செய்கிறது. சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும், உங்கள் லைனிங்கைத் தொடாது. ஜேக் பிரேக் என்று பெரிய லாரிகளில் படபடவென்று வெடிக்கிற மாதிரி சத்தம் போடுவது வேறு, அது கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக் முடியும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியே விட்டுவிடுவது. அதைக் கண்டுபிடித்தவர் கம்மின்ஸ் கம்பெனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ்தான். 1931-இல் டீசல் லாரி ஒன்றைக் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறக்கிக்கொண்டு வரும்போது பிரேக் பிடிக்காமல், கீழே ரயில்வே கிராசிங்கில் ரயில் போய்க்கொண்டிருக்க, மயிரிழையில் தப்பினார். அந்த நாள் அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1961-இல் ஜேக்கப்ஸ் கம்பெனி அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. டீசல் இன்ஜினையே பிழைப்பாகக் கொண்ட மனிதருக்கு டீசலின் பெரிய குறை எது என்று அந்த ஒரு இறக்கம் காட்டிக்கொடுத்தது.

எங்கள் மாதிரி பிக்கப்களுக்குக் கடையில் கிடைப்பது எக்ஸாஸ்ட் பிரேக்தான், அதில் இரண்டு வகை. ஒன்று தட்டில் நிலையான ஓட்டை போட்டது. விலை குறைவு, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அழுத்தம் இன்ஜின் வேகத்தோடு ஏறும் என்பதால், உச்ச வேகத்தில் வால்வு ஸ்பிரிங் தாங்குகிற அளவுக்குத்தான் ஓட்டையை வைக்க முடியும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் நன்றாகப் பிடிக்கும், 1,800-இல் பிடி தளர்ந்துவிடும். மலையில் நாம் பாதி நேரம் இருப்பதோ அந்த 1,800, 2,000-இல். இன்னொன்று அழுத்தத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் வகை, பேக்பிரேக் கம்பெனியின் பி.ஆர்.எக்ஸ்.பி. அப்படிப்பட்டது. குறைந்த சுற்றில் இன்னும் இறுக்கமாக மூடியிருக்கும், சுற்று ஏறினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். விலை வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கொண்டை ஊசி வளைவில் 40 கிலோமீட்டரில் இறங்கும்போது பிடிக்காத பிரேக்கால் என்ன பயன்?

வாங்குமுன் உங்கள் இன்ஜின் எது என்று பாருங்கள். 24 வால்வு இன்ஜினில் கம்பெனி ஸ்பிரிங்கே 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும். 1998 வரைக்கும் வந்த 12 வால்வு என்றால் எக்ஸாஸ்ட் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும் அழுத்தமே வால்வைத் தள்ளித் திறந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே பெரிய டர்போவோ நாலு அங்குலக் குழாயோ போட்டிருந்தால், டர்போ வாயில் பொருத்துகிற மாடல் உட்காராமல் போகலாம், குழாயின் நடுவில் பொருத்துகிற மாடலைக் கேளுங்கள்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. இந்த டாட்ஜில் வரும் 47ஆர்.இ. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) லாக் ஆனால்தான் எக்ஸாஸ்ட் பிரேக்கின் பிடி சக்கரத்துக்கு வரும். காலை எடுத்தால் அது லாக்கை விட்டுவிடும், போதாக்குறைக்கு உள்ளே எண்ணெய் அழுத்தமும் குறைந்துவிடும். அந்த நிலையில் வெறும் பிரேக்கை மட்டும் மாட்டினால் கிளட்ச் வழுக்கி எரியும், கியர்பாக்ஸுக்கே செலவு வைக்கும். லாக் அப் கண்ட்ரோலரும் அழுத்தத்தைக் கூட்டிப் பிடிக்கும் சாதனமும் சேர்த்துத்தான் போட வேண்டும், பி.டி. டீசல் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே விற்கின்றன. அதாவது மேனுவல் வைத்திருப்பவருக்கு ஒரு சாமானாக முடிவது ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவருக்கு மூன்று சாமான்.

பவர் பக்கத்துக்கு வருவோம். பவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் டியூனர் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஆனால் அது எதிலிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கூடுதல் டீசல் ஊற்றினால் கூடுதல் சூடு, அவ்வளவுதான் விஷயம். டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் வைத்து, ஏற்றத்தில் தொடர்ந்து 1,250 ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது டிரெய்லர் இழுப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. அலுமினியம் 1,220 ஃபாரன்ஹீட்டில் உருகும் என்பதை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும், பிஸ்டன் அலுமினியம்தான், எண்ணெய் பின்னாலிருந்து குளிர்விப்பதால்தான் அது தப்பிக்கிறது. மூவாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், சூடு இன்னும் சீக்கிரம் ஏறும். டியூனரை உச்ச நிலையில் வைத்து முழுசாக அழுத்தினால் ஐசன்ஹோவர் ஏற்றத்தில் என் முள் ஒரு நிமிடத்துக்குள் 1,350-ஐத் தொட்டது, காலை எடுத்து ஒரு கியர் இறக்க வேண்டியதாயிற்று. வாங்கிய அறுபது குதிரையில் பாதியை எங்கே தேவையோ அங்கே பயன்படுத்த முடியவில்லை.

என்னுடையது மாதிரி 2001-ஐ ஒட்டிய வண்டிகளுக்கு இன்னொரு பலவீனம், இன்ஜினுக்கு டீசலைப் பீய்ச்சித் தரும் வி.பி.44 இன்ஜெக்ஷன் பம்ப். டீசலே அதற்குக் குளிர்ச்சி, டீசலே அதற்கு எண்ணெய். டாங்கிலிருந்து டீசலை இழுத்து அதற்குத் தருகிற, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் செத்துப்போகும், வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வி.பி.44 பட்டினியில் தேய்ந்துகொண்டிருக்கும். டீசல் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று வைத்து, முழு இழுவையில் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். ஃபாஸ், ஏர்டாக் மாதிரி நல்ல லிஃப்ட் பம்ப் போடாமல் டியூனர் மாட்டுவது அந்தப் பம்புக்குச் செய்கிற துரோகம். அப்புறம் கிளட்ச். இருபது வருடம் ஓடிய கம்பெனி கிளட்ச் ஆறாவது கியரில் திடீரென்று வழுக்கி, வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறும். ஆக, "அறுபது குதிரைக்கு இவ்வளவுதான் விலை" என்று பெட்டியில் போட்டிருப்பதோடு பம்ப், மீட்டர், கிளட்ச் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறதே என்று நாம் தயங்குகிற எக்ஸாஸ்ட் பிரேக் அப்போது மலிவாகத் தெரியும். இன்னொன்று, கதவுச் சட்டத்திலும் கையேட்டிலும் போட்டிருக்கும் எடை வரம்பு டியூனரால் ஒரு பவுண்டுகூட ஏறாது.

மூன்றாவது வழியும் இருக்கிறது, வண்டியையே மாற்றுவது. 2007 நடுவில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸில் டர்போவே எக்ஸாஸ்ட் பிரேக், உள்ளே நகரும் வளையம் வழியை இறுக்கி மூடிவிடும். 350 குதிரை, தனியாக எதுவும் மாட்ட வேண்டாம், ஒரு பட்டன்தான். அடிக்கடி அந்த பிரேக்கைப் பயன்படுத்தினால் டர்போவுக்குள் கரி படிந்து இறுகாமல் இருக்கும் என்பது கூடுதல் லாபம். ஜி.எம். டிரக்கில் 2001 முதல் வந்த அலிசன் ஆட்டோமேட்டிக்கும் டோ ஹால் (சுமை இழுக்கும்போது போடுகிற) பட்டனைப் போட்டால் இறக்கத்தில் தானே கியரைக் குறைத்துப் பிடிக்கும், அதுவும் நல்ல கியர்பாக்ஸ். ஆனால் 2007 நடுவிலிருந்து வந்த இந்த வண்டிகளில் புகை வடிகட்டி வருகிறது, அதைக் கழற்றிவிட்டு டியூன் செய்வது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதம். 2020-க்கு முந்தைய பத்து வருடத்தில் சுமார் 5,50,000 டீசல் பிக்கப்களில் இப்படிக் கழற்றியிருக்கிறார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்குச் சொன்னது. பழைய வண்டி வாங்கும்போது கீழே குனிந்து வடிகட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் மலை ஏறுபவர், கையில் பணம் இருந்தால், இந்த வழி போகலாம். எனக்கு என் 5.9-ஐ விட மனமில்லை.

அந்தப் புகை வந்த பயணத்துக்குப் பிறகு முதலில் டிரெய்லர் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு பக்கம் சரியாக அட்ஜஸ்ட் ஆகாமல் மற்ற சக்கரங்களே எல்லா வேலையையும் செய்திருக்கின்றன. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாலும் இதைச் சரி செய்யாமல் விடக்கூடாது. அப்புறம் இரண்டு மீட்டர்கள், அப்புறம் எக்ஸாஸ்ட் பிரேக், கடைசியாக லிஃப்ட் பம்ப். டியூனரை நடு நிலைக்குக் குறைத்து அங்கேயே விட்டிருக்கிறேன். அடுத்த கோடையில் அதே இறக்கம், நாலாவது கியர், 2,400 சுற்று, காலை எடுத்ததும் உஸ்ஸென்று ஒரு மெல்லிய சத்தம், வண்டியைப் பின்னாலிருந்து யாரோ கைப்பிடித்து நிறுத்துகிற மாதிரி. 13 கிலோமீட்டரில் பெடலைத் தொட்டது நாலு தடவை. சில்வர்த்தோர்னில் டீசல் போட நின்றபோது முன் சக்கர ரிம்மில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

குளிர்காலத்தில் மட்டும் ஒன்றை மறக்காதீர்கள். இந்த பிரேக்கின் பிடி முழுவதும் பின் சக்கரத்தில்தான் விழும். பனி உறைந்த சாலையில் அது பின் சக்கரத்தை வழுக்கவிடும், பின்னால் டிரெய்லர் தள்ளிக்கொண்டு வரும், வண்டி மடங்கிவிடும். சுரங்கத்துக்குள் சாலை காய்ந்திருக்கும், வெளியே வந்த முதல் வளைவில் பனி இருக்கும். அதனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் சுரங்கத்துக்குள் நுழையும்போதே சுவிட்சை அணைத்துவிட்டு, வெளியே வந்து சாலையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போடுகிறேன்.